வளர்பிறை தசமி

தேனாம்பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது ஹபீபுர் ரஹ்மானின் விசா அலுவலகம். அதில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் அவர் இருப்பார், இன்னொன்றில் விசாவுக்கு வந்தவர் இருப்பார். கூட வந்தவர்கள் வாசலில் நிற்கவேண்டியதுதான். அன்றைக்கு இசக்கிமுத்து அண்ணாச்சி மனைவியை அழைத்துவராமல் தனியாக வந்திருந்தார். அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

“அண்ணாச்சி, பேப்பர் எல்லாம் பக்காவா கீது,” என்றார் ஹபீபுர் ரஹ்மான். “இங்க மட்டும் ஒரு சிக்கல் கீது பாருங்கோ. கிரீஸ்லேர்ந்து வந்த டெத் சர்ட்டிபிகேட்ல ஏப்ரல் இருபத்திரண்டுன்னு போட்டுக்கீறான். அம்மா கைப்பட எழுதிக் குடுத்த லெட்டர்ல மே ஒண்ணுன்னு கீது. எம்பசிக்காரன் இத்தப் பாத்தான்னா ரெண்டுல எது பொய்னு கேப்பான்.”

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைக்கு நேர் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“அவளுக்கு ஞாபகப் பிசகு பாய். நீங்க வேற லெட்டர் அடிச்சிருங்க. கையெழுத்து நான் வாங்கிட்டு வாரேன். தேதியெல்லாம் அவகிட்ட பேசிக்கிட்டு இருக்கவேண்டாம்.”

“பெத்த புள்ள மௌத்தான தேதில ஞாபகப் பிசகா?” என்று கேட்டுவிட்டு, ஹபீபுர் ரஹ்மான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பொய்ச் சான்றிதழ்களையும் மெய்ச் சான்றிதழ்களையும் பார்த்துப் பழகிய கண் அது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணாச்சியின் மனைவி மீனாட்சிக்கு ஞாபகப் பிசகு என்று சொன்னால் தி.நகரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். உஸ்மான் சாலைக்குப் பின்சந்தில் அண்ணாச்சியின் பாத்திரக்கடையில் பத்து வருஷத்துக்கு முன்னால் குத்துவிளக்கு வாங்கிப் போனவள் திரும்ப வந்தால், “உங்க மக கல்யாணத்துக்கு வாங்குனீங்களே, அவ எப்படி இருக்கா?” என்று கேட்கிறவள் அவள். மகன் செத்த தேதி அவளுக்கு மறக்குமா? சொன்னதை அவள் அப்படியே நினைவில் வைத்திருந்தாள். சொன்ன மனுஷன்தான் மாற்றிச் சொல்லியிருந்தார்.

நடந்தது இதுதான். மகன் கதிரேசன் சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். கொரோனா இரண்டாவது அலை அடித்த சமயம், கிரீஸில் கப்பலை விட்டு இறங்கினான். ஊருக்கு வர விமானம் இல்லை. அவனுடைய தலைமை இன்ஜினீயர் தானாசிஸ் என்கிற கிரேக்கர், “ஹோட்டலில் கிடந்து சாகாதே, என் ஊருக்கு வா” என்று தன் மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே மூன்று வாரம் இருந்தான். பனிக்காலத்தில் பெயர்ந்துபோன கூரைக் கற்களை மாற்ற தானாசிஸ் மேலே ஏறியபோது இவனும் கூடவே ஏறினான். மழை பெய்து கல் வழுக்கியது. ஏப்ரல் இருபத்திரண்டு, வியாழக்கிழமை. விழுந்த இடத்திலேயே போய்விட்டான். வயது இருபத்தேழு.

தானாசிஸ் போன் செய்தபோது அண்ணாச்சி கடையில் இருந்தார். அவர் கையில் மகள் மதுமதியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. ஆறு நாளில் கல்யாணம். இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாகக் கூடிவந்த இடம். வீட்டில் சாவு விழுந்தால் கல்யாணம் நிற்கும். ஒரு வருஷம் தள்ளும். தள்ளினால் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் ராசி சரியில்லை என்று நழுவுவார்கள். அதை அவர்கள் வாயால் சொல்லக்கூட மாட்டார்கள், போனை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் அவர் யோசித்த நேரம் இரண்டு நிமிஷம் இருக்குமா?

“கம்பெனி செலவில் அனுப்பிவிடலாம். இரண்டு வாரம் ஆகும். நானே கூட வருகிறேன். நீங்கள் சொல்லுங்கள்,” என்று தானாசிஸ் அந்தப் பக்கம் அழுதுகொண்டே கேட்டார். “நோ,” என்றார் அண்ணாச்சி. “தேர். யூ டூ தேர்.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டுப் பத்திரிகை கொடுக்கக் கிளம்பினார். எப்படிக் கிளம்பினாய் என்று நீங்களும் நானும் கேட்கலாம். அவருக்கே தெரியாது. கால் போயிற்று, கூடவே அவரும் போனார்.

இருபத்தெட்டாம் தேதி கல்யாணம் நடந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஐம்பது பேர். நாதஸ்வரக்காரர் மட்டும் கவசம் போடவில்லை. மகனுக்குத் தீட்டுக் காக்கவேண்டிய மனுஷன் பட்டுவேட்டி கட்டி, மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அண்ணன் செய்யவேண்டிய முறையை ஒரு சித்தப்பா மகன் செய்தான். “கதிரேசன் போன் பண்ணானா?” என்று மீனாட்சி இரண்டு தடவை கேட்டாள். “அது மலை, சிக்னல் கிடையாது. நல்லா நடத்துங்கப்பான்னு காலையில மெசேஜ் போட்டிருந்தான்,” என்றார் அவர். அவள் கொண்டை நிறையப் பூ வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோ இன்றைக்கும் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

மகளை மறுவீடு அனுப்பிய பிறகு, மே இரண்டாம் தேதி சாயங்காலம், சேதி இப்போதுதான் வந்தது என்று சொன்னார். அன்றைக்கு ஓட்டு எண்ணிக்கை. தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் அலறியது பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை. “நேத்து நடந்துபோச்சு. பாடிய அனுப்பமாட்டாங்களாம், அந்த ஊர்ச் சட்டமாம். அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க,” என்றார். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அன்றிலிருந்து சித்திரைத் தேய்பிறைப் பஞ்சமியில் மயிலாப்பூர் குளக்கரையில் திதி. வளர்பிறைத் தசமியில் செத்தவனுக்குத் தேய்பிறையில் எள்ளும் தண்ணீரும். அது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அண்ணாச்சி யாரைக் கேட்பார்? ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி மட்டும், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஒன்றும் சாப்பிடமாட்டார். அவரால் முடிந்தது அது ஒன்றுதான்.

இப்படியே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றிருந்தவருக்குத்தான் தானாசிஸிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஊர் வழக்கம் வேறு. இடுகாடு சின்னது. மூன்று வருஷம் போனால் குழியைத் திறந்து, எலும்புகளை எடுத்து, திராட்சை ரசத்தில் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு பெட்டியில் போட்டு இடுகாட்டு மூலையில் இருக்கும் சின்ன அறையில் வைப்பார்களாம். கழுவுவது தாயின் வேலை. தாய் வர முடியாவிட்டால் என் மனைவி வசிலிக்கி செய்வாள். வந்தால், பெட்டியை நீங்கள் ஊருக்கே கொண்டுபோகலாம், அதற்கு வேண்டிய காகிதங்களை நான் வாங்கி வைக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

மதுமதிதான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அண்ணாச்சி கடையிலிருந்து வருவதற்குள் மீனாட்சி பெட்டி கட்டத் தொடங்கியிருந்தாள்.

“நான் மட்டும் போயிட்டு வாரேன். உனக்கு முட்டுவலி. அது மலை,” என்றார்.

“அவன் எலும்ப வேற ஒருத்தி கழுவுவா, நான் இங்க டிவி பாத்துக்கிட்டு இருக்கவா? என்ன பேச்சு பேசுதீங்க?” என்றாள். அவருக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஊர்க் கல்லறையில் தேதி எழுதியிருக்கும். மீனாட்சிக்குக் கிரேக்கமும் தெரியாது, இங்கிலீஷும் வராது. ஆனால் இருபத்திரண்டு எந்த ஊரிலும் இருபத்திரண்டுதான்.

புதுக் கடிதத்தோடு விசா கிடைத்து, ஜூன் மாதம் இருவரும் போனார்கள். ஏதென்ஸ் விமான நிலையத்துக்கு தானாசிஸ் காரோடு வந்திருந்தார். நெட்டையான, வெள்ளை மீசைக்காரர். மீனாட்சியைக் கண்டதும் தொப்பியை எடுத்து நெஞ்சோடு வைத்துக் குனிந்துவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார். ஆறு மணி நேரப் பயணம். கடைசி ஒரு மணி நேரம் வளைவு வளைவாக ஏற்றம். மீனாட்சி மூன்று இடத்தில் இறங்கி வாந்தி எடுத்தாள்.

ஊரின் பெயர் அண்ணாச்சியின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. சுவர் கல், கூரை கல், தெரு கல். சுண்ணாம்பு என்ற ஒன்றைக் கண்டதே இல்லை போல ஊரே சாம்பல் நிறம். நாற்பது வீட்டில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தது. நடுவில் ஒரு பெரிய மரமும் அதன் அடியில் ஒரு காபிக்கடையும் இருந்தன. காபிக்கடையில் உட்கார்ந்திருந்த ஐந்தாறு கிழவர்கள் கார் நின்றதும் எழுந்து நின்றார்கள். மீனாட்சி கடந்து போகும்வரை நின்றார்கள்.

“எதுக்குங்க எந்திரிச்சாங்க?” என்று கேட்டாள்.

“உனக்காகத்தான்,” என்றார். அது மட்டும் உண்மை.

வசிலிக்கி வாசலிலேயே காத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும், கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை. மீனாட்சியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அடுப்படியில் ஈயம் பூசிய செம்புப் பாத்திரங்கள் வரிசையாகத் தொங்கின. அண்ணாச்சி தன்னை அறியாமல் ஒன்றைச் சுண்டிப் பார்த்தார். பாத்திரக்கடைக்காரரின் கைக்கு எங்கே, எப்போது என்றெல்லாம் கிடையாது. சுண்டிவிட்டு வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“எந்தக் கூரை?” என்று மீனாட்சி கேட்டாள்.

அவர் மொழிபெயர்த்தார். தானாசிஸ் விரலை உயர்த்தித் தன் வீட்டுக் கூரையையே காட்டினார். அந்த மனுஷன் மூன்று வருஷமாக அந்தக் கூரைக்குக் கீழேதான் படுத்து எழுந்துகொண்டிருந்திருக்கிறார். மீனாட்சி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பிறகு தானாசிஸ் தலையைக் குனிந்து அழத் தொடங்கியதும், எட்டி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“அவரு மேல தப்பில்லன்னு சொல்லுங்க,” என்றாள்.

தானாசிஸ் அழுகையோடு நிறையச் சொன்னார். வியாழக்கிழமை கோயில் மணி அடித்தோம், ஊரே வந்தது, பூட்டிய வீட்டுக்காரர்கள் கூட டவுனிலிருந்து வந்தார்கள், அவனுக்குத் தாய் இங்கே இல்லையே என்று வசிலிக்கி கறுப்பு உடுத்தினாள், இன்னும் மாற்றவில்லை என்றார். மீனாட்சி கணவர் முகத்தைப் பார்த்தாள். “மணி அடிச்சாங்களாம். எல்லாரும் அழுதாங்களாம். இந்தம்மா அவனுக்காகக் கறுப்பு உடுத்தினாங்களாம்,” என்று அண்ணாச்சி கிழமையை மட்டும் முழுங்கிவிட்டுச் சொன்னார்.

மீனாட்சி களைத்துப் படுத்ததும், வெயில் இறங்குவதற்குள் இடுகாட்டைப் பார்த்துவிடுவோம் என்று தானாசிஸைக் கிளப்பினார். ஊருக்கு வெளியே, ஊசியிலை மரங்களுக்கு நடுவே, இடுப்புயரச் சுவருக்குள் இடுகாடு. சுவரோரம் தனியாக ஒரு மேடு. தினம் யாரோ பெருக்குகிற மாதிரி சுத்தமாக இருந்தது. எண்ணெய் விளக்கு எரிந்தது. தலைமாட்டில் ஒரு மரப்பலகை, அதில் புரியாத எழுத்து, கீழே 22-4-2021.

மகனுடைய குழி முன்னால் நின்றுகொண்டு அந்த மனுஷன் முதலில் பார்த்தது தேதியைத்தான். அதை நினைத்து அப்போதே அவருக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தானாசிஸ் பக்கம் திரும்பி, “மை வைஃப், வெரி வீக் ஹார்ட். திஸ் போர்டு, ப்ளீஸ், டேக்,” என்றார்.

தாயின் மனசு தாங்காது என்று தகப்பன் கவலைப்படுகிறார் என தானாசிஸ் எடுத்துக்கொண்டார். அண்ணாச்சியின் தோளைத் தட்டிவிட்டு, பலகையைப் பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் சாய்த்து வைத்தார். அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அந்த ஊரில் வருஷத்தில் சில சனிக்கிழமைகள் செத்தவர்களுக்கானவை, அதில் இது ஒன்று என்றாள் வசிலிக்கி. வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்தும் போட்டுத் தட்டு நிறைய வைத்திருந்தார்கள். பாதிரியார் ஏதோ ஓதினார். நான்கு பேர் மண்ணை வெட்டினார்கள். ஓரளவு வெட்டியதும் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார்கள்.

ஒவ்வொன்றாக வந்தது. வெள்ளையாக இருக்கும் என்று அண்ணாச்சி நினைத்திருந்தார். டிக்காஷன் நிறத்தில் இருந்தது. வசிலிக்கி ஒரு தொட்டியில் சிவப்பு ரசத்தை ஊற்றி மீனாட்சியின் முன்னால் வைத்தாள்.

“சாராயத்துலயா கழுவுவாங்க?” என்று மீனாட்சி தயங்கினாள். பிறகு அவளே, “அவங்க வழக்கம், அவங்க பண்ணட்டும். அதுக்கப்புறம் நம்ம வழக்கம்,” என்று ஆட்டுப்பால் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதலில் ரசம், அடுத்து பால், கடைசியில் ஊற்றுத் தண்ணீர். குளிப்பாட்டுகிற மாதிரித்தான் செய்தாள். முழங்கால் மடிப்பில் இருந்த மண்ணைச் சுண்டுவிரலால் வழித்து எடுத்தாள். தலை வந்தபோது மேல்வரிசைப் பல்லைத் தடவிப் பார்த்து, “பனகல் பார்க் ஊஞ்சல்ல விழுந்து உடைச்சுக்கிட்டானே, பாருங்க, இந்தா இருக்கு,” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூன்று வருஷமாக, செத்தது வேறு யாராவதோ என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

வெள்ளைத் துணியில் எலும்புகள் வெயிலில் காய்ந்தன. அதற்குள் வசிலிக்கி வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்தாள். மெழுகிட்ட மரப்பெட்டி. தானாசிஸ் செய்தது. முகப்பில் வசிலிக்கி தன் கையால் மஞ்சள் வண்ணத்தில் எழுதியிருந்தாள். இரண்டு வரி எழுத்து. அதற்குக் கீழே இரண்டு வரி எண்கள்.

அண்ணாச்சி பார்த்துவிட்டார். எட்டிப் பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. அதற்குள் மீனாட்சி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“பதினாலு, எட்டு, தொண்ணூத்தி மூணு. பாத்தீங்களா, அவன் பொறந்த தேதியக் கூட விடாம எழுதியிருக்கா,” என்றவள், அடுத்த வரியில் விரலை வைத்தாள். “இது தப்பு. இருபத்திரெண்டு நாலுன்னு போட்டிருக்கா. மே ஒண்ணுன்னு சொல்லுங்க. பாவம், கஷ்டப்பட்டு எழுதியிருக்கா, மனசு நோகாம சொல்லுங்க.”

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

“சொல்லுங்க. பெயிண்ட் காஞ்சுறப் போவுது.”

“டேட்,” என்று அண்ணாச்சி தானாசிஸைப் பார்த்துச் சொன்னார். “மை வைஃப் ஸேஸ், ராங்.”

“ராங்?” தானாசிஸ் பெட்டியைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். “நோ, நோ. ட்வென்டி டூ ஏப்ரல். தர்ஸ்டே. ஐ கால் யூ.” புரியவைக்க வேண்டுமே என்று அவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சியின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “சேம் டே. யூ. ஐ கால் யூ.”

பாத்திரக்கடைக்காரர் மனைவிக்கு இங்கிலீஷ் வராதுதான். கிழமையும் மாசமும் எண்ணும் வராதா? அந்தக் கை ஜாடைக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை. மீனாட்சி தானாசிஸின் விரலைப் பார்த்தாள். அது தொட்ட நெஞ்சைப் பார்த்தாள். அப்புறம் தன் விரல்களை மடக்கி எண்ணினாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று என்று உதடு அசைந்தது. கல்யாணத் தேதி வந்ததும் ஏழாவது விரலில் நின்றது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பார். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, எலும்புகளைப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள். கால் முதலில், தலை கடைசியில். ஊரிலிருந்து கொண்டுவந்த புது வேட்டியை மேலே போர்த்தினாள். விபூதி போட்டாள். அவர் ஒரு கை கொடுக்க வந்தபோது, “விடுங்க,” என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

சாயங்காலம் காபிக்கடை மரத்தடியில், கிழவர்கள் ஒதுங்கி இடம்விட்ட மேஜையில், இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் கிளம்பவேண்டும். பெட்டி கோயிலில் இருந்தது.

“கல்யாணத்துக்காகவா?” என்று கேட்டாள்.

“மதுவுக்கு அந்த இடமும் தட்டிப் போயிருந்தா...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மூன்று வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருந்த நியாயம், வெளியே வந்ததும் ஒரு வரி கூட நிற்கவில்லை.

“சட்டம்னு சொன்னீங்களே, அது?”

“அனுப்புறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

மீனாட்சி தலையை ஆட்டிக்கொண்டாள். “ஏப்ரல்ல ஒரு நா வயிறு சரியில்லம்பீங்க. அது இதுக்குத்தானா?”

“ஆமா.”

“நீங்க ஒத்தையில விரதம் இருந்திருக்கீங்க. நான் அன்னைக்கு மீன் குழம்பு வச்சு, உங்களுக்கு ஆகலன்னா எனக்கென்னன்னு நல்லா சாப்பிட்டிருக்கேன். மூணு வருஷமும்.” மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் வழித்தாள். “கல்யாணத்தன்னைக்கு அவன் மெசேஜ் போட்டான்னு சொன்னீங்க. என்ன போட்டிருந்தான்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். நீங்களும் திருப்பித் திருப்பிச் சொன்னீங்க.”

அவர் அழ முயன்றார். கண் வறண்டு கிடந்தது.

“அந்த வியாழக்கிழம இங்க மணி அடிச்சாங்க. இவ கறுப்புச் சீல கட்டுனா. நம்ம வீட்டுல பலகாரம் சுட்டோம்,” என்றாள் மீனாட்சி. “பெட்டி இங்கயே இருக்கட்டும். எங்க அழுதாங்களோ அங்கயே இருக்கட்டும். அந்த வீட்டுக்கு அவன் வரவேண்டாம்.”

“மீனாட்சி, கடல்ல கரைச்சாத்தானே...”

“நீங்க அதப் பத்திப் பேசாதீங்க.”

அவளே எழுந்து போய் வசிலிக்கியிடம் ஜாடையில் சொன்னாள். கோயிலைக் காட்டி, இரண்டு கையையும் தரையை நோக்கி அமர்த்தி, பிறகு வசிலிக்கியின் நெஞ்சில் கைவைத்தாள். வசிலிக்கிக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. இருவரும் கட்டிக்கொண்டு நின்றதை அண்ணாச்சி மேஜையில் தனியாக உட்கார்ந்து பார்த்தார். கிழவர்களில் ஒருவர் அவருக்கு ஒரு காபியை நகர்த்தி வைத்தார். அது ஆறும்வரை அவர் தொடவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மீனாட்சி அவரோடு பேசினாள். தண்ணீர் வேணுமா, மாத்திரை போட்டீங்களா, பாஸ்போர்ட்ட எடுத்து வச்சீங்களா என்று எல்லாம் கேட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. யாரோ தெரிந்த வீட்டுப் பெரியவரைப் பத்திரமாக ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி கேட்டாள்.

தி.நகர் வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. மறுநாள் காலை பட்டினப்பாக்கம் கடற்கரையில் கரைப்பதாக ஏற்பாடு. மண்கலயம், எள், தர்ப்பை, வாழையிலை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். சம்பந்தியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். ஐயரிடம் நேரம் கேட்டாயிற்று. மதுமதி இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அண்ணன் எங்கம்மா?”

மீனாட்சி மகளைப் பார்த்தாள், அவள் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் இனி ஒரு கல்யாண நாளாவது நிம்மதியாக இருப்பாளா? அண்ணாச்சி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்வது என்று நினைத்துக்கொண்டார். சொல்லிவிடமாட்டாளா என்று கூட இருந்தது.

“அப்பா சொல்லுவாங்க,” என்றாள் மீனாட்சி. “அவங்களுக்குத்தான் நல்லா சொல்ல வரும்.”

குழந்தையை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

எல்லார் கண்ணும் அண்ணாச்சி மேல் திரும்பியது. அவர் வாயைத் திறந்தார். “விடமாட்டேன்னுட்டாங்கம்மா. தானாசிஸ் வாங்கி வச்ச காகிதமெல்லாம் செல்லாதுன்னுட்டாங்க. அந்த ஊர்ச் சட்டமாம். அந்த மண்ணுல போனது அந்த மண்ணுக்குத்தான் சொந்தமாம். கழுவி அங்கயேதான் வைக்கணுமாம். நானும் எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன்.” திக்காமல், தடுக்காமல், மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது போலவே வந்தது. சம்பந்தி உச்சுக் கொட்டினார். மாப்பிள்ளை, “இதுக்கா மாமா அவ்வளவு தூரம் அலைஞ்சீங்க?” என்றார். மதுமதி அவர் நெஞ்சில் சாய்ந்து, “பாவம்பா நீங்க,” என்று விம்மினாள்.

அப்போதுதான் அவருக்கு உடைந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, ஐயோ கதிரேசா என்று தெருவுக்குக் கேட்கும்படி அழுதார். மகன் போன பிறகு அவர் அழுதது அதுதான் முதல் தடவை. ஓடிவந்து தூக்கினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கூடச் சேர்ந்து அழுதார்கள். அந்த அழுகையில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் அதை நம்பினார்கள், சுவரோரம் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற மீனாட்சியைத் தவிர.